நம் வீட்டு விக்கிரகம்

விக்கிரகம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் கிறிஸ்தவ நண்பர்கள் பலருக்கு அடுத்த வீட்டுப் பூஜையறைதான் நினைவுக்கு வருகிறது. எனக்கும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தது. மாட்டுங்கா ரயில்வே குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது, எதிர்வீட்டு நண்பர் சரஸ்வதி பூஜையன்று பொட்டலம் கட்டிக் கொடுக்கும் சுண்டலை வாங்கலாமா, கூடாதா என்று நானும் என் மனைவியும் இரவு வெகுநேரம் விவாதித்திருக்கிறோம். கடைசியில் வாங்கினோம். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். நானும் ஒரு கை எடுத்துக்கொண்டேன். அதே நாட்களில் எங்கள் சொந்த வீட்டின் நடுக்கூடத்தில் ஒரு விக்கிரகம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அதற்கு உருவம் இல்லாததால் என் கண்ணுக்குப் படவில்லை. அதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பதை அறிவேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், டிப்ளமோ வரை படித்தவன், யாருக்கும் வேதபாடம் நடத்தத் துணியமாட்டேன். ஆயினும் இதைச் சபைப் பத்திரிகைக்கு அனுப்பாமல் தமிழ்ச் சங்கப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு ஒரு காரணம் உண்டு. முழுவதும் படித்தால் அந்தக் காரணம் தானே விளங்கும்.

சுத்தியல் சோதனை

நவீன விக்கிரகங்களைப் பற்றி இப்போது பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். செல்போன், தொலைக்காட்சி, கிரிக்கெட், வெளிநாட்டு விசா, சொந்த ஃப்ளாட் என்று ஒரு பட்டியல் உண்டு. பட்டியல் சரியானதுதான். ஆனால் செல்போனைத் திட்டினால் சபையில் யாருக்கும் கோபம் வருவதில்லை. எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு, ஆராதனை முடிந்ததும் அதே செல்போனில் போதகருக்கு, ‘செய்தி மிக அருமை ஐயா’ என்று செய்தி அனுப்புகிறோம். கோபம் வராத இடத்தில் விக்கிரகம் இருக்கிறது என்று நான் நம்பவில்லை.

இதை எனக்குத் தொழில்தான் கற்றுக்கொடுத்தது. பெட்டிகளைப் பரிசோதிக்கும்போது, நீண்ட பிடி போட்ட சுத்தியலுடன் ஒருவர் சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். பழைய காலத்து முறை. நல்ல சக்கரம் ‘கணீர்’ என்று மணி போல ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் ‘டொக்’ என்று அடங்கிய சத்தம் வரும். பிற்பாடு அச்சுகளுக்குள் ஒலி அலையைச் செலுத்திப் பார்க்கும் கருவிகள் வந்தன. தத்துவம் ஒன்றுதான். மேலே பூசிய வர்ணத்தைப் பார்த்து யாரும் சக்கரத்துக்குச் சான்றிதழ் கொடுப்பதில்லை. தட்டிப் பார்த்து, என்ன சத்தம் வருகிறது என்று கேட்கவேண்டும்.

மனிதனையும் அப்படித் தட்டிப் பார்க்கலாம். எதைத் தொட்டுப் பேசினால் நம் குரல் மாறுகிறதோ, எதைக் காப்பாற்றுவதற்காக அன்பு, நியாயம், பிள்ளைகளின் கண்ணீர் எல்லாவற்றையும் இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறோமோ, அதுவே நாம் கும்பிடும் தெய்வம். பொருளாசையே விக்கிரக ஆராதனை என்று பவுல் அப்போஸ்தலர் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் சொல்கிறார். ஆகவே விக்கிரகத்துக்குக் கல்லும் மண்ணும் அவசியமில்லை என்பது பழைய போதனைதான்.

தமிழ்க் கிறிஸ்தவர்களைத் தட்டிப் பார்த்தால் எங்கே ‘டொக்’ என்று கேட்கிறது? வரதட்சணையில் கேட்கும். எங்கள் குமரி மாவட்டத்தில் எத்தனை பவுன் என்ற பேச்சு முடிந்த பிறகுதான் பெண் பார்க்கவே வருவார்கள். 1961ஆம் வருடச் சட்டம் அலமாரியில் தூங்குகிறது. சபைத் தேர்தலில் கேட்கும். ஆனால் எல்லாவற்றிலும் ஆழமான விரிசல் சாதி. மற்ற விக்கிரகங்கள் வரும், போகும். இது மட்டும் ஞானஸ்நானத் தண்ணீரிலும் நனையாமல் வெளியே வந்துவிடுகிறது.

மயிலாடியில் ஏற்றிய விளக்கு

நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டத்தில். என் சாதியின் பெயரை எழுதமாட்டேன். ஆனால் அடுத்த பத்தியைப் படித்ததும் நம்மவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் கலையில் நாம் அனைவரும் டாக்டர் பட்டம் பெற்றவர்கள்.

1806ஆம் வருடம் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி மயிலாடிக்கு வந்தார். அவர் வருவதற்குக் காரணமாக இருந்தவர் அந்த ஊரைச் சேர்ந்த மகாராசன். தஞ்சாவூர் போன இடத்தில் கிறிஸ்தவராகி, வேதமாணிக்கம் என்ற பெயருடன் ஊர் திரும்பியவர். 1809ல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. 1816ல் ரிங்கல்தௌபே ஊரைவிட்டுப் போன பிறகு, அடுத்த மிஷனரி வரும்வரை சபைகளைக் கட்டிக் காத்தவரும் வேதமாணிக்கமே. அவர் சாம்பவர் சமூகத்தைச் சேர்ந்தவர்.

பிறகு எங்கள் மக்கள் ஆயிரக்கணக்கில் சபையில் சேர்ந்தார்கள். எங்கள் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1820களிலிருந்து அடிபட்டார்கள், மிதிபட்டார்கள். 1859ல் திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் ஒரு பிரகடனம் செய்தார். குப்பாயம் அணியலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்த உரிமையும் கிடைத்தது. மிஷன் பள்ளிக்கூடமும் வேதமும் சேர்ந்து எங்களை நிமிர வைத்தன. நிமிர்ந்த பிறகு நாங்கள் செய்தது என்ன? எங்களுக்கு முதல் விளக்கைக் கொண்டுவந்த மனிதரின் சமூகத்தாரிடமிருந்து தள்ளி உட்கார்ந்தோம். எங்கள் பாட்டிமார் பட்ட அவமானத்தைக் கதை கதையாகச் சொல்லிக்கொண்டே, அதே அவமானத்தை அடுத்தவருக்குப் பரிமாறினோம்.

இது எங்கள் மாவட்டத்து வியாதி மட்டும் என்று யாரும் மகிழ்ச்சியடைய வேண்டாம். தரங்கம்பாடி மிஷன் 1733ல் ஆரோன் என்பவரைப் போதகராக அபிஷேகம் செய்தது. இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் தமிழ்ப் போதகர் அவரே. அதே காலத்தில் தஞ்சைச் சீமையில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். படைவீரராக இருந்து ஊழியத்துக்கு வந்தவர், உழைப்பில் யாருக்கும் குறைந்தவர் அல்லர். அவரையும் போதகராக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் அவர் கையிலிருந்து மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். நூறு வருடம் கழித்து, 1833ல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கண்டிப்பாகக் கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் ஏராளமானோர் சாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டு வெளியேறினார்கள்.

கத்தோலிக்க சகோதரர்கள் கதையும் உண்டு. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872ல் கட்டிய கோயில், கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு கூடங்களாகப் பிரிந்து ஒரே பலிபீடத்தில் சேரும் அமைப்புடையது. நடுவே சுவர். ஒரு சாதி இந்தப் பக்கம், மற்றச் சாதி அந்தப் பக்கம். ஓர் இன்ஜினியர் என்ற முறையில் அந்த வரைபடத்தை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு பக்கத்தாருக்கும் பலிபீடம் தெரியவேண்டும், ஆனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியக்கூடாது. எத்தனை நாள் உட்கார்ந்து அளந்திருப்பார்கள்! கடைசியில் கௌசானல் சுவாமியார் காலத்தில், 1910ல், அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சுவர் மீண்டும் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்கு நடத்தித் தோற்றார்கள்.

டீ டம்ளர்

சரித்திரம் போதும். என் கதைக்கு வருகிறேன்.

2013ல் என் மகள் ஒருநாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, “அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாள். சபையில் வாலிபர் சங்கத்திலும் பாடகர் குழுவிலும் உள்ள ஒரு பையனைச் சொன்னாள். எனக்கும் நன்றாகத் தெரிந்த பையன். தாராவியில் பிறந்து வளர்ந்தவன். அவன் அப்பா திருநெல்வேலி பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை மூடிய பிறகு தோல்பை தைக்கும் கடையில் கூலிக்கு உட்கார்ந்தார். அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, அதை விற்று மகனைப் பட்டதாரி ஆக்கினார். பையன் வங்கியில் வேலையில் இருந்தான். குடிப்பழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்கு முன்னால் ஆலயத்துக்கு வந்துவிடுவான். அவனைக் காட்டித்தான், “அந்தத் தம்பியைப் பாரு” என்று என் சொந்த மகனுக்கே புத்தி சொல்லியிருக்கிறேன்.

அன்று நான் கேட்ட முதல் கேள்வி, “அவங்க யாரு?” என்பது.

மகளுக்குப் புரிந்தது. “அப்பா, நம்ம சபைதான்” என்றாள். “அதைக் கேக்கல” என்றேன். என் குரலில் வந்த சத்தம் எனக்கே கேட்டது. முப்பது வருடத்துக்கு மேல் சக்கரத்தின் சத்தம் கேட்ட காது ஆயிற்றே! ‘டொக்’ என்றுதான் கேட்டது. ஆனால் கேட்டும் கேட்காதது போல் இருந்துவிட்டேன்.

இரண்டரை வருடம் இருந்தேன். நான் சொன்ன காரணங்களை இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஊரில் தம்பி பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்றேன். தாராவி வீட்டில் நம் பிள்ளை எப்படி இருப்பாள் என்றேன். 1980ல் தாதர் ஸ்டேஷனில் ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கி, பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரோடு தரையில் படுத்தவன் இதைச் சொன்னேன். ஜெபித்துக் கர்த்தருடைய சித்தத்தை அறிய வேண்டும் என்றும் சொன்னேன். அதுதான் இருப்பதிலேயே பெரிய பொய். கர்த்தரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்திருந்தது.

மகள் வீட்டைவிட்டுப் போகவில்லை, சத்தம் போடவும் இல்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சம்பளத்தில் பாதியை அம்மாவிடம் கொடுத்தாள். பாடகர் குழுவிலிருந்து மட்டும் விலகிவிட்டாள்.

என்னை உடைத்தது என் மனைவி. ஒரு திருவிருந்து ஞாயிறன்று வீடு திரும்பும்போது ரயிலில் சாதாரணமாகக் கேட்டாள்: “இன்னைக்கு உங்களுக்கு முன்னாடி அந்தப் பையனோட அப்பாதான் பாத்திரத்துல குடிச்சாரு, கவனிச்சீங்களா?” நான் கவனித்திருந்தேன். எங்கள் சபையில் எல்லோருக்கும் ஒரே பாத்திரம். பதினைந்து வருடமாக அவரும் நானும் ஒரே பாத்திரத்தில் குடித்திருக்கிறோம். அவர் வீட்டு டம்ளரில் டீ குடிப்பதற்குத்தான் நான் இரண்டரை வருடம் யோசித்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை 90 அடி ரோட்டில் இறங்கி, சந்து கேட்டு, அந்த வீட்டுக்குப் போனோம். அவர் என்னைப் பார்த்துப் பதறி எழுந்து, “வாங்கண்ணாச்சி” என்று இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த அம்மா டீ கொண்டு வந்தார்கள். புது டம்ளர். எனக்காகவே காலையில் வாங்கி வந்தது என்று பிறகு தெரிந்தது. அந்தப் புது டம்ளர் என்னை எவ்வளவு வெட்கப்படுத்தியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் என் விக்கிரகத்தைத் தெரிந்திருந்தது. அதற்கு ஏற்ற படையலைத் தயாராக வைத்திருந்தார்கள்.

2016ல் கல்யாணம் நடந்தது. ஊரிலிருந்து என் தம்பி வரவில்லை. இன்றுவரை பேசுவதும் இல்லை. நான் இதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. இதைவிடப் பெரிய விலையை அந்தப் பக்கத்தார் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

வெண்கலப் பாம்பு

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். சொந்த சாதி, சொந்த ஊர் என்பது பம்பாயில் நமக்கு உதவவில்லையா? நிச்சயமாக உதவியது. மொழி தெரியாத ஊரில் படுக்க இடம் கொடுத்தவர்கள் ஊர்க்காரர்கள்தான். வேலைக்குச் சொல்லிவிட்டவர்கள், சீட்டுப் பிடித்துப் பணம் கொடுத்தவர்கள், சாவுக்குத் தோள் கொடுத்தவர்கள் அவர்கள்தான். நன்றி மறப்பது நன்றன்று.

ஆனால் வேதத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. வனாந்தரத்தில் பாம்பு கடித்துச் செத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்காக, கடவுள் சொன்னபடியே மோசே ஒரு வெண்கலப் பாம்பைச் செய்து உயர்த்தினார். அதைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல நூறு வருடம் கழித்துப் பார்த்தால், மக்கள் அதற்கே தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார் என்று இரண்டாம் ராஜாக்கள் புத்தகம் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கடவுள் கொடுத்த மருந்தே என்றாலும், அதற்குத் தூபம் காட்டத் தொடங்கினால் உடைக்க வேண்டியதுதான். பம்பாயில் நம்மைப் பிழைக்க வைத்த ஊர்ப்பாசமும் அப்படிப்பட்ட வெண்கலப் பாம்பு என்பதே என் தாழ்மையான கருத்து. படுக்க இடம் கொடுத்த பாசம் வேறு. பிள்ளையின் வாழ்க்கையைக் காவு கேட்கும் பாசம் வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1950ஆம் வருட ஜனாதிபதி ஆணைப்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவராகிவிட்டால் அவருக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. 1956ல் சீக்கியரும் 1990ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. மதத்தை வைத்து இந்தச் சலுகையைப் பிரிக்க வேண்டாம் என்று ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007ல் சொன்னது. இதற்காக நம் சபைகள் கறுப்புக் கொடி பிடிக்கின்றன. பிடிக்கவேண்டியதுதான். ஆனால் கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று மேடையில் பேசிவிட்டு, சாதிக் கொடுமை இருப்பதால் சலுகை வேண்டும் என்று மனு எழுதிவிட்டு, அந்தக் கொடுமையைச் செய்பவர் யார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. அவர் நம் வரிசையில்தான் உட்கார்ந்து சங்கீதம் வாசித்துக்கொண்டிருக்கிறார். 2013ல் அவர் நானாக இருந்தேன்.

கழித்த சக்கரம்

விரிசல் கண்ட சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றினால் மட்டும் போதாது. அடையாளம் போட்டுத் தனியே ஒதுக்கவேண்டும். இல்லாவிட்டால் அவசரத்தில் எவராவது மறுபடி மாட்டிவிடுவார். பொன் கன்றுக்குட்டியை மோசே சுட்டெரித்து, பொடியாக அரைத்துத் தண்ணீரில் கலந்துவிட்டதும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நம் சபைகளில் திருமணத் தகவல் பதிவேடு வைத்திருக்கிறார்கள். அதில் ‘சமூகம்’ என்ற கட்டத்தை எடுத்துவிடலாம். ஒரு கோடு அடித்தால் போகும் விஷயம். கமிட்டித் தேர்தலில், எந்த ஊர்க்காரர்களுக்கு எத்தனை பேர் என்று இரவில் வீட்டில் கூடிக் கணக்குப் போடுவதை நிறுத்தலாம். செம்பூர் ஃப்ளாட்டுகளில் உள்ள நாம், வருடத்தில் இரண்டு முறையாவது தாராவி வீடுகளில் ஜெபக்கூட்டம் வைத்து, அங்கே உட்கார்ந்து சாப்பிட்டு வரலாம். கிறிஸ்துமஸுக்குப் பழைய துணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்புவது இதில் சேராது. பிள்ளைகள் வந்து ஒரு பெயரைச் சொன்னால், “அவங்க யாரு?” என்பதற்கு முன்னால், “எப்படிப்பட்ட பிள்ளை?” என்று கேட்கப் பழகலாம்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்கு இப்போது காரணம் விளங்கியிருக்கும். மாட்டுங்காவில் இறங்கினாலும், செம்பூரில் குடியேறினாலும், தமிழன் எந்தக் கோயிலுக்குப் போனாலும், அந்த டிரங்குப் பெட்டியின் அடியில் இந்த ஒரு பொருளையும் மடித்து வைத்துத்தான் ரயில் ஏறினான். உங்கள் வீட்டில் அது என்ன பெயரில் உட்கார்ந்திருக்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை. தட்டிப் பார்த்தால் சத்தம் கேட்கும்.

நான் முழுவதும் விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது அடுத்த பொய். பேத்தியின் ஞானஸ்நானத்தன்று, ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், “பிள்ளைக்கு எந்த ஊரு?” என்று கேட்டார். நான் சட்டென்று என் ஊர்ப் பெயரைச் சொன்னேன். என் ஊரை மட்டும் சொன்னேன். மருமகன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளையின் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தி அம்மா வேறு பக்கம் பார்த்தார்கள். கழித்துப் போட்ட சக்கரத்தை நானே மறுபடி மாட்டியிருந்தேன்.

அன்று இரவு மருமகனிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க மாமா” என்றார். விட வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், இரண்டு ஊரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மருமகன் ஊரை முதலில் சொல்கிறேன். முதல் தடவை நாக்கு தடுமாறியது. இப்போது அவ்வளவாகத் தடுமாறுவதில்லை.